மூன்றாவது தட்டு

சுகிர்தம் மேடம் சொல்லும் அந்தக் கதையில் எனக்குப் பல வருஷங்களாகச் சந்தேகம் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை. வகுப்பிலும் அதே கதையைத்தான் சொல்லி வந்தேன். கரும்பலகையில் மூன்று வட்டம் போட்டு, முதல் இரண்டையும் வெறுமையாக விட்டு, மூன்றாவதைச் சாக்பீஸால் நிரப்பி, தொடவே இல்லை, ஆனாலும் விழித்துக்கொண்டது என்று குரலைத் தாழ்த்துவேன். அந்த இடத்தில் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். அந்த நிமிர்தலுக்காகவே சொல்லிக்கொண்டிருந்தேனோ என்னவோ. அவர் எங்கள் மிளகு ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு மூத்தவர், ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது பண்ணைக்காட்டில் அவர் வீட்டு முன்னறையில், பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் காபி போட உள்ளே போயிருக்கிறார். டம்ளரோடு திரும்பி வந்ததும் கேட்டுவிட வேண்டும். வத்தலக்குண்டில் பஸ் ஏறியதிலிருந்து கேள்வியை மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தேன், ஒவ்வொரு வளைவிலும் ஒன்று சரிந்தது, இறங்கும்போது வாயில் ஒன்றும் மிச்சமில்லை. உள்ளே தீக்குச்சி உரசும் சத்தம். ஒன்று. இன்னொன்று. குச்சி நமுத்திருக்கும், இந்த ஈரத்தில் எதுதான் நமுக்காது. அந்தக் கிருமிக்குப் பிடித்த ஈரம். மிளகுக்கொடியின் வேரை அழுகவைத்து ஒரே மழைக்காலத்தில் கொடி முழுவதையும் உதிர்த்துவிடும் கிருமி. அதில் இரண்டு வகை உண்டு, ஒன்றாம் வகை, இரண்டாம் வகை என்றுதான் சொல்வோம். ஒரே வகை மட்டும் இருக்கும் தோட்டத்தில் அது தன்னையே பிரதி எடுத்துக்கொண்டு திரிந்துவிட்டுக் கோடையில் மடிந்துபோகும். இரண்டும் சேர்ந்தால்தான் தடித்த தோலுள்ள உருண்டை வித்துகள் உண்டாகும், அவை மண்ணுக்குள் வருஷக்கணக்கில் கிடக்கும், எந்த மருந்துக்கும் அசையாது. சேர்க்கைக்கு வேண்டிய ஜீன்கள் கிருமிக்குள் எப்போதும் இருக்கின்றன, ஆனால் உறங்குகின்றன. எது முதலில் விழிக்கிறது, எதைக் கண்டு விழிக்கிறது? மேடம் ஒரு கண்ணாடி வளையத்தின் நடுவில் மெல்லிய சவ்வை இழுத்துக் கட்டினார், மேலே ஒரு வகையையும் கீழே மற்றதையும் வளர்த்தார். சவ்வு வழியாக ஈரம் கசியும், இழைகள் போக முடியாது. ஒன்றை ஒன்று தொடவில்லை, ஆனாலும் கீழே இருந்த இரண்டாம் வகையில் ஒரு ஜீன் விழித்தது. தனித்தனியாக வைத்த தட்டுகள் இரண்டிலும் அது விழிக்கவில்லை. ஐஸ் பெட்டியில் வைத்துப் பெங்களூர் கொண்டுபோய் எடுத்த படத்தில் தட்டுக்கு ஒன்றாக மூன்று தடங்கள், ஜீன் விழித்திருந்தால் தடத்தில் பட்டை விழும், முதல் இரண்டும் வெறுமை, மூன்றாவதில் கருப்பாக ஒரு பட்டை. அந்தப் படம் பொய்யில்லை, நானே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறேன். என் சந்தேகம் படத்தில் இல்லை. “மூணு தட்டும் ஒரே சூட்டுப்பெட்டியிலதான் இருந்துச்சு, உலகு” என்பாரே, அந்த ஒரு வரியில் இருக்கிறது.

“ஏ உலகு, சக்கரை உண்டா இல்லையா உனக்கு?” என்று உள்ளேயிருந்து குரல். உலகநாதனை உலகு என்று சுருக்கியவர் அவர்தான், வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, இனி கூப்பிடவும் மாட்டார்கள். “இருக்கு மேடம், ரெண்டு வருஷமா.” “அப்போ கருப்பட்டி போடுதேன்.” “அதுவும் சக்கரைதான் மேடம்.” “எங்க ஊர்ல அதுக்கு மருந்துன்னு பேரு. பேசாம உக்காரு.” சிரிக்கிறார். நாசரேத்துப் பேச்சு இத்தனை வருஷம் மலையில் இருந்தும் போகவில்லை. குரல் மட்டும் மெலிந்திருக்கிறது, எழுபதை நெருங்கும் குரல். பிறகு, நான் பயந்துகொண்டிருந்த அதே கேள்வி. “நம்ம பய எப்படி இருக்கான்?” நம்ம பய என்பது அந்த ஜீன். கட்டுரைகளில் அதற்கு எழுத்தும் எண்ணும் சேர்ந்த ஒரு பெயர் உண்டு, மேடத்துக்கு என்றைக்கும் பயதான், வெளியூர் போய்ப் படிக்கிற பிள்ளையை விசாரிப்பதுபோல விசாரிப்பார். “இருக்கான் மேடம்” என்றேன். எப்படி இருக்கிறான். பெனாசிரின் தட்டுகளில் தூங்குகிறான். பெனாசிர் என் ஆய்வு மாணவி, உத்தமபாளையத்துப் பெண், அவளுக்கு இந்த ஜீனைக் கொடுத்தவன் நான், முதலில் மேடம் செய்ததைத் திருப்பிச் செய்து காட்டு, பிறகு அங்கிருந்து மேலே போகலாம் என்றேன். அவள் செய்தாள். மறுபடி செய்தாள். சவ்வுக்குக் கீழே வித்துகள் வந்தன, அது மற்றவர்களும் பார்த்ததுதான், ஆனால் ஜீன் விழிக்கவில்லை. மூன்றாம் முறையும் விழிக்கவில்லை. அவள் ஆய்வை மேற்பார்க்கும் குழுவின் கூட்டத்தில் ஒருவர், பெயர் எதற்கு, “சில பேர் கைக்கு வராதும்மா, அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?” என்று மிகவும் அன்பாகச் சொன்னார். அன்பாகச் சொன்னதுதான் அவளை முறித்தது. அதற்குப் பிறகு இரண்டு உறை மாட்டிக்கொள்கிறாள். கையைக் கழுவிவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மறுபடி எழுந்துபோய்க் கழுவுகிறாள். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கிறது. “சார், என் கையிலதான் ஏதோ இருக்கு, நான் விட்டுடட்டுமா?” என்று போன வாரம் கேட்டாள். அடுத்த கூட்டம் திங்கட்கிழமை. அன்றைக்கு அவள் விட்டுவிடுவதாக எழுதிக் கொடுத்துவிடுவாள், கொடுத்துவிட்டு ஊருக்குப் போய் வாழ்நாள் முழுக்கத் தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவ்வளவு நேர்த்தியான கையை நான் பார்த்ததில்லை, தட்டில் ஊற்றிய அகார் கூழின் மேல் அவள் ஊசி இறங்குவதே தெரியாது.

நாலாவது முறைதான் அது நடந்தது. இரண்டாம் வகையைத் தனியாக வைத்த தட்டின் ஓரத்தில் பச்சை. விரல்நகம் அளவுதான். எங்கிருந்தோ டிரைக்கோடெர்மா வந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அது மிளகு விவசாயிகளுக்கு நாங்களே வளர்த்துக் கொடுக்கிற பூசணம், கிருமியைத் தின்கிற பூசணம், மழைக்கு முன் வேப்பம் புண்ணாக்கோடு கலந்து கொடியின் தூரில் போடச் சொல்வோம். வேறு யாராக இருந்தாலும் தட்டைத் தூக்கி எறிந்திருப்பார்கள். பெனாசிருக்கு எறியவும் பயம், அதிலும் ஜீன் சோதனையை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் போன் செய்தாள். “சார், தப்பா நினைக்காதீங்க, துணையே இல்லாத தட்டுல வித்து வந்திருக்கு. ஜீனும் விழிச்சிருக்கு சார். கொட்டிக் கிடக்கு.” அந்தப் பூசணத்தின் மூச்சுப் பட்டால் இரண்டாம் வகை துணையில்லாமலே வித்து வைக்கும் என்பது பழைய கட்டுரைகளில் இருப்பதுதான், தேர்வில் நானே அதைக் கேட்டிருக்கிறேன். ஆனால் எனக்குக் கேட்டது அதுவல்ல. எனக்குக் கேட்டது மழை. தகரத்தின் மேல் மழை. மேடம் அந்தக் கதையை எப்போது சொன்னாலும் ஒரே இடத்தில் சொல்லும் வார்த்தைகள், “தகரத்துல மழ காதப் பொளக்கு, நான் தட்டத் தூக்கிப் பிடிக்கேன், அடியில பார்த்தா வித்து வித்தா நிக்கி.” ஓய்வு பெற்ற அன்று மேடையில் சொன்னபோதும் அப்படித்தான், அறையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள், நான் மட்டும் கைதட்டலின் நடுவில் கூரையைப் பார்த்தேன். எங்கள் நிலையத்தில் கிருமி வளர்க்கும் சூட்டுப்பெட்டி இருந்த அறைக்குக் கான்கிரீட் கூரை, ஜன்னல் கிடையாது, வெளியே மலையே சரிந்தாலும் உள்ளே ஃபேன் சத்தம்தான் கேட்கும். தகரம் போட்ட இடம் ஒன்றே ஒன்றுதான், பின்கட்டில் இருந்த கலவைக் கொட்டகை. அங்கேதான் டிரைக்கோடெர்மாவை மூட்டை மூட்டையாக வளர்த்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தது மேடத்தின் படம் வந்து சில வருஷம் கழித்து, ஆனாலும் கொட்டகை அப்போதும் அப்படியே இருந்தது, ஜூன் மாதத்தில் உள்ளே போனால் மூக்கில் பச்சைத் தூள் ஏறும், சட்டைக் காலர் பச்சையாகிவிடும், அடுக்கில் இடமில்லாமல் பைகள் மேஜை வரைக்கும் வந்துவிடும். பார்த்தேன், நுகர்ந்தேன், தும்மினேன், அப்படியும் தகரத்தையும் தட்டையும் இணைத்துப் பார்க்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது. இணைத்துப் பார்க்க நான் விரும்பவில்லை என்றும் சொல்லலாம். முள் இருப்பது தெரிந்தும் அந்தக் காலை அழுத்தி ஊன்றாமல் நடக்கப் பழகிவிடுகிறோம், நடை அதுவாகவே ஆகிவிடுகிறது.

அப்படியானால் அந்த ஜீன் துணையை அறிகிற ஜீனே இல்லை. பகையை அறிகிற ஜீன். தன்னைத் தின்ன வருகிறது ஒன்று, அதன் மூச்சு முகத்தில் படுகிறது, இனி நாள் இல்லை என்று தெரிந்ததும் அவசரம் அவசரமாகத் தன்னோடு தானே சேர்ந்து ஒரு வித்தை உண்டாக்கி, தடித்த தோலைப் போர்த்தி மண்ணில் விட்டுவிடுகிறது. பயத்தில் விழித்த ஜீனை நாங்கள் இத்தனை காலம் அன்பில் விழித்தது என்று சொல்லியிருக்கிறோம். பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்களே. மலை முழுக்க ஒவ்வொரு கொடியின் தூரிலும் அந்தப் பூசணத்தைக் கொட்டச் சொல்லியிருக்கிறோமே, மண்ணுக்குள் என்ன நடக்கிறது? தெரியாது. தட்டில் நடப்பதெல்லாம் மண்ணில் நடப்பதில்லை. யோசிக்காதே, அது வேறு கதை, இப்போது அது வேண்டாம். உள்ளே பால் பொங்கும் வாசம். அலுவலகத்தில் ஒரு சூப்பரிண்டெண்ட் இருந்தார், இந்தச் சோதனைக்குத் தொடாத கல்யாணம் என்று பெயர் வைத்தவர் அவர்தான், ஒருநாள் எல்லோர் முன்னாலும், “மேடம் வீட்டுலயும் சவ்வு கட்டிதான் வெச்சிருக்காங்களோ?” என்றார், மேடம் கல்யாணம் செய்துகொள்ளாதவர். மேடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே தலை நிமிராமல், “உங்க வீட்டுல சவ்வே கிடையாதாமே சார், அப்படியும் ஒருத்தருக்கொருத்தர் பேச்சுவார்த்தை இல்லன்னு கேள்வி” என்றார். அவர் அதற்கப்புறம் எங்கள் பக்கம் வரவில்லை. நாங்கள் தட்டுகளை மாப்பிள்ளை, பொண்ணு என்று சொன்னால் மேடத்துக்குக் கோபம் வரும். “ஆணும் இல்ல பொண்ணும் இல்ல, ரெண்டுக்குள்ளயும் ரெண்டும் உண்டு. ஒண்ணுக்கு இன்னொண்ணு இருக்குன்னு தெரியணும். அம்புட்டுதான் வேணும் அதுக்கு.” அந்த வாக்கியத்தை அவர் சொல்லும்போது முகம் வேறாகும். என் மனைவி வாசுகிக்கு முதல் கர்ப்பம் கலைந்த மழையில் பாதையில் மண் சரிந்து கிடந்தது, டிரைவர் வரமாட்டேன் என்றார், மேடம்தான் ஜீப்பை எடுத்தார். சேலையை முழங்கால்வரை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் வேளாங்கண்ணி மாதாவையும் கியரையும் சேர்த்துத் திட்டிக்கொண்டு ஓட்டினார். பிள்ளை தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் வாசுகியிடம் எதையாவது சொன்னார்கள், இவர் ஒன்றும் சொல்லவில்லை, கட்டில் ஓரம் உட்கார்ந்து ஆரஞ்சுச் சுளையை நார் உரித்து உரித்து அவள் கையில் வைத்துக்கொண்டிருந்தார். வாசுகி இன்றைக்கும் ஆரஞ்சு உரிக்கும்போது ஒரு கணம் நிறுத்துவாள். அந்தக் கைகளிடமிருந்துதான் நான் இன்றைக்கு ஒன்றைப் பிடுங்க வந்திருக்கிறேன். பாடப்புத்தகத்தில் அவர் பெயர் ஒரே ஒரு வரியில் வருகிறது, அடைப்புக்குறிக்குள், வருஷத்தோடு. மனுஷிக்கு இந்த உலகத்தில் சேர்த்துவைத்தது அந்த ஒரு வரிதான். அதை எடுத்தால்தான் பெனாசிரிடம் அவள் கையைத் திருப்பிக் கொடுக்க முடியும். இரண்டு ஜோடிக் கை. ஒன்றை நம்பினால் இன்னொன்று பொய். அப்படித்தானா? வேறு வழியே இல்லையா? ஒருவேளை அந்த மழை வேறு மழையாக இருக்கலாம். ஞாபகம் என்பது இரண்டு நாளை ஒன்றாகப் பிசைந்துவிடும், எனக்கே வாசுகியை ஏற்றிக்கொண்டு போன ஜீப் சில நேரம் பச்சை, சில நேரம் வெள்ளை. கொட்டகையில் வேறு எதற்கோ நின்றிருப்பார், மழை பெய்திருக்கும், மனசு இரண்டையும் ஒட்டியிருக்கும். அப்படியே இருக்கட்டும். காபியைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடலாம். பெனாசிரிடம், பச்சை விழுந்த தட்டைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லிவிடலாம். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எழுந்தே விட்டேன். எழுந்தபோதுதான் அலமாரி கண்ணில் பட்டது. மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி, காற்று படாமல் அதைச் சுற்றி ஒரு கண்ணாடி வளையம். தடித்த கண்ணாடி, விளிம்பு சரியாகத் தேய்க்கப்படாமல் ஓரிடத்தில் பிசிறு. ஊறுகாய் ஜாடி ஒன்றை அறுத்துச் செய்தேன் என்று சொல்லியிருக்கிறார், எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார், ஆனால் அதை நான் பார்த்ததில்லை, கரும்பலகையில் நான் போட்ட வட்டத்துக்கு உயரம் கிடையாது. இதற்கு உயரம் இருக்கிறது. கையை நீட்டி அளந்தேன், கட்டைவிரல் அலமாரிப் பலகையில், சுண்டுவிரல் விளிம்பில், ஒரு சாண். மேலும் கீழும் மூடி வேறு வேண்டும். பழைய சூட்டுப்பெட்டியில் அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே நாலு விரல்தான் இடம், அடுக்குகள் பற்றவைத்தவை, கழற்ற முடியாது, அதில் கையை விட்டு விரல் மூட்டைச் சிராய்த்துக்கொள்ளாத ஆளே எங்கள் நிலையத்தில் இல்லை. இது அந்தப் பெட்டிக்குள் போகாது. என்றைக்கும் போயிருக்காது. தனித்தட்டு இரண்டும் உள்ளே போயிருக்கும், வளையம் நுழையவில்லை, சாய்க்கவும் முடியாது, சவ்வு கிழியும். கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருக்கிறாள், நாற்பது வயது, தானே அறுத்துத் தேய்த்த கண்ணாடி, எங்கே வைப்பது? இருட்டாக, வெதுவெதுப்பாக, ஆள் தட்டிவிடாத ஒரு மேஜை. கொட்டகைதான் வெதுவெதுப்பு. பிறகு கட்டுரை எழுதும்போது கை தானாக எழுதியிருக்கும், எல்லாத் தட்டுகளும் ஒரே வெப்பத்தில் வைக்கப்பட்டன என்று, நாங்கள் அத்தனை பேரும் எழுதுகிற வரிதான் அது, அதை எழுதும்போது யாரும் தட்டை நினைப்பதில்லை. எழுதி எழுதி, சொல்லிச் சொல்லி, பெட்டி மனசுக்குள் பெரிதாகி வளையத்துக்கு இடம் கொடுத்திருக்கும். பொய்யில்லை. பொய்யாக இருந்தால் மழையைச் சொல்லியிருப்பாரா? பொய் சொல்கிறவர்கள் கூரையை மறைப்பார்கள். இவர் ஒவ்வொரு தடவையும் கூரையோடுதான் சொன்னார், கேட்டவர்கள் எல்லோருக்கும் சொன்னார், மேடையிலும் சொன்னார். கேள்வி அங்கேயே கிடந்தது, கேட்க ஆள் இல்லை. துணையில்லாமல் ஒரு கிருமி எப்படி விழிக்கிறது, எந்த ஜீனால் விழிக்கிறது என்று யாரும் பார்க்காத காலத்தில் இவர் கையில் அது இருந்திருக்கிறது. இருந்ததை இவர் வேறொன்றாகப் பார்த்தார், அவ்வளவுதான். அப்படிச் சொன்னால்? சொன்னால் ஏற்பாரா? ஏற்கவில்லை என்றால்?

“அத எதுக்கு அளக்க? வெலைக்கு வாங்கப் போறியா?” திரும்பினேன். இரண்டு டம்ளரோடு நிற்கிறார். காபி விளிம்புவரை வந்து திரும்புகிறது, சிந்தவில்லை. கையை எடுத்துக்கொண்டேன், சுண்டுவிரலில் மெழுகு ஒட்டியிருந்தது. “சும்மாதான் மேடம்.” “நீ சும்மா மல ஏறுற ஆளா? சொல்லு. வாசுகிக்கு ஒண்ணுமில்லையே?” “நல்லா இருக்கா.” “அப்போ அந்தப் புள்ள. பெனாசிர். போன தடவ கூட்டிட்டு வந்தியே, என் ரோஜாவுக்குப் பதியன் போட்டுக் கொடுத்துச்சு, எல்லாம் பிடிச்சிருச்சு பார்த்துக்கோ, நல்ல கை.” வாசலைக் காட்டுகிறார். வரிசையாகத் தொட்டிகள், ஒவ்வொன்றிலும் சிவப்பாகத் துளிர். பார்த்தேன். “அந்தக் கை சரியில்லன்னு சொல்றாங்க மேடம்.” “எவன் சொன்னது?” டம்ளரை டக்கென்று வைத்தார். “நம்ம பய அவ தட்டுல விழிக்கல. மூணு தடவ பாத்துட்டா. திங்கக்கிழமையோட விட்டுடறேங்கா.” அவர் உட்காரவில்லை. என்னைப் பார்த்தார், பிறகு நான் அளந்த வளையத்தைப் பார்த்தார், மறுபடி என்னை. அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் பயம். அடுப்படிப் பக்கத்துத் தகரச் சாய்ப்பில் முதல் துளிகள் விழுந்தன, இங்கே ஒன்று, அங்கே ஒன்று, பிறகு மொத்தமாக இறங்கியது, தகரம் அதிர்ந்தது, அவர் ஏதோ சொன்னார், உதடு அசைந்தது, எனக்குக் கேட்கவில்லை. சவ்வு கிழிந்திருந்ததா என்று கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். பூசணம் இருந்ததா என்று. தட்டை எங்கே வைத்தீர்கள் என்று, அது போலீஸ்காரன் கேள்வி. ஏன் மறைத்தீர்கள் என்று ஒன்று வைத்திருந்தேன், ஏழாவது வளைவில், அதை நினைத்தாலே இப்போது கூசுகிறது. எதுவும் வேண்டியதில்லை. கருப்பட்டிக் காபியின் ஆவி முகத்தில் பட்டது. அவர் காதைக் கையால் குவித்துக்கொண்டு, “என்னடே, சத்தமா சொல்லு” என்பதுபோல் என் பக்கம் குனிந்தார். நானும் குனிந்தேன். சத்தமாகத்தான் கேட்டேன், மழையைத் தாண்டிக் கேட்க வேண்டியிருந்தது.

“மேடம், அன்னைக்கு வித்தப் பாத்தப்போ, மழ எந்தக் கூரை மேல பெஞ்சுது?”